பழைய மேசை ரம்பத்துக்கு ஸ்பிளிட்டர் பொருத்துவது எப்படி?

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லோரோங் கூலிட் சந்தையில் பழைய மேசை ரம்பம் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்போம். அடுத்து மேசையின் துரு, அதற்கும் அடுத்து விலை. பிளேடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. என் ரம்பத்தை வாங்கிய அன்று நானும் பார்க்கவில்லை. கனமான வார்ப்பிரும்பு மேசை, 10 அங்குல பிளேடு, நல்ல மோட்டார். அது போதும் என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் அதை ஏற்றிவைத்த மூன்றாம் வாரம், சாமி மேடைக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டடி நீள ரப்பர் மரப் பலகை. முக்கால்வாசி போனதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். பலகை கையில் இல்லை. விலாவை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் மோதிக் கிடந்தது. பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி நின்றதால் அந்த அளவோடு போயிற்று. ஆனாலும் இரண்டு வாரத்துக்குத் தும்மினால் வலி உயிர்போனது.

அதனால்தான், பழைய ரம்பம் வாங்கியிருக்கிறேன் என்று யார் சொன்னாலும், முதல் பலகையை அறுக்கும் முன் பிளேடுக்குப் பின்னால் ஸ்பிளிட்டர் என்ற மெல்லிய தகட்டைப் பொருத்தும் வேலைக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிளைவுட் துண்டு, விரல் நீள மரக் கீற்று, கொஞ்சம் எபோக்சி பசை, பொறுமை. இவ்வளவுதான் செலவு.

மரம் ஏன் திருப்பி உதைக்கிறது

மேசை ரம்பத்தில் நம் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை மரத்தை மேசையோடு அழுத்துவதால் அங்கே பெரிய ஆபத்து இல்லை. பின்பக்கப் பற்கள் அடியிலிருந்து மேலே எழுந்து, உச்சியைத் தாண்டி நம்மை நோக்கி வருகின்றன. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதித்த வேகமே 110தான். எழும்பி வரும் அந்தப் பல்லில் மரம் மாட்டினால், பிளேடு அதைத் தூக்கி நம் மேலேயே எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதுதான்.

மாட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அறுத்த தடம் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொண்டு அதைக் கவ்வுவது. இன்னொன்று, மரம் ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் பூட்டும் பக்கத் தடுப்பை, விட்டு விலகிப் பின்பற்களின் பக்கம் சாய்வது.

நம் ஊரில் முதல் வகை அதிகம். நாம் மலிவாக வாங்கும் மரம் பெரும்பாலும் ரப்பர். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பால் வெட்டிய அதே மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி, உலர்த்தி, மருந்தேற்றி மேசை நாற்காலிகளாக்குகிறார்கள். நல்ல மரம்தான். ஆனால் காற்றில் சாய்ந்து நின்று வளர்ந்த மரத்தின் ஒரு பக்க நார்கள் இழுவிசையோடு இருக்கும். அந்தப் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, கட்டவிழ்ந்த இரண்டு பாதிகளும் தங்கள் இஷ்டத்துக்கு வளையத் தொடங்கும். விலகி வளைந்தால் பரவாயில்லை. ஒன்றை நோக்கி ஒன்று வளைந்தால் நடுவில் மாட்டுவது பிளேடு. சரியாக உலராத மெராந்தி மரமும் இப்படிச் செய்யும்.

பெரிய மரங்களை ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்து அறுத்த காலத்தில், அறுத்துக்கொண்டு வந்த பிளவில் ஆப்பு வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு அறுப்பார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். ஆப்பு இருக்கும்வரை பிளவு திறந்திருக்கும். பிடுங்கிய நொடியில் மூடிக்கொள்ளும். ஸ்பிளிட்டர் அந்த ஆப்புதான். பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில் நிற்கும் ஒரு மெல்லிய தகடு. தடம் மூடாமலும் மரம் பின்பற்களின் பக்கம் நகராமலும் அது பார்த்துக்கொள்கிறது.

புதிய ரம்பங்களில் இதே வேலையை ரைவிங் நைஃப் செய்கிறது. பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், சாய்ந்தால் அதுவும் சாயும். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை; பிரிட்டனில் 1922ஆம் ஆண்டின் மரவேலை இயந்திர விதிகளே அதைக் கட்டாயமாக்கின. அமெரிக்கச் சந்தைக்கான ரம்பங்களில் அது பரவியது 2008ஐ ஒட்டித்தான். அந்தப் பாணியில் செய்த பழைய ரம்பம் கைக்கு வந்தால் ரைவிங் நைஃப் இருக்காது. அதைப் புதிதாகப் பொருத்தும் இடமும் உள்ளே பெரும்பாலும் இருக்காது. ஸ்பிளிட்டர் பொருத்த முடியும்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவரிலிருந்து பிடுங்கி, பிளக் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். இந்தக் கட்டுரையில் பிளேடைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் இது பொருந்தும்.

இன்சர்ட்டைக் கழற்றி, அதாவது பிளேடைச் சுற்றி மேசையில் உட்கார்ந்திருக்கும் தகட்டை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில், மரையுள்ள துளையோ தாங்கியோ இருந்தால் உங்கள் ரம்பத்துக்கு முன்பு கம்பெனி ஸ்பிளிட்டர் இருந்திருக்கிறது. யாரோ கழற்றித் தொலைத்துவிட்டார்கள். சுங்கை பாக்காப்பில் ஒரு தம்பியின் ரம்பத்தைப் பார்க்கப் போனபோது அந்தத் தகடு அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்தது. “இடைஞ்சலா இருந்துச்சுண்ணே, கழட்டி வச்சிட்டேன்” என்றான். அன்று மாலையே இருவரும் சேர்ந்து திரும்ப மாட்டினோம். உங்களுக்கும் அப்படிக் கிடைத்தால் அதையே மாட்டுங்கள். அது பெரும்பாலும் பிளேடோடு சேர்ந்து சாயும். நாம் செய்யப்போவது சாயாது.

கிடைக்கவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

பிளேடையும் ஃபென்ஸையும் நேராக்குவது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கோணலான ரம்பத்தில் ஸ்பிளிட்டர் வைப்பது ஆபத்தைக் கூட்டும். ஃபென்ஸ் பின்பக்கம் உள்வாங்கியிருந்தால் மரம் ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே நசுங்கும்; ஸ்பிளிட்டரையும் சேர்த்து நசுக்கும்.

பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் மைட்டர் கேஜ் (மரத்தைக் குறுக்கே அறுக்கப் பிடித்துத் தள்ளும் கருவி) ஓடும் காடியில், நகரும் அளவுகோல் உள்ள மூலைமட்டத்தின் அடியைச் சாய்த்து, அதன் அளவுகோலை முன்பக்கம் வந்திருக்கும் அந்தப் பல்லில் மெல்லத் தொடும்படி நீட்டிப் பூட்டுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மூலைமட்டத்தையும் காடி வழியே பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். அதே அளவில் தொட வேண்டும். வேறு பல்லை வைத்துப் பார்க்காதீர்கள். பிளேடு லேசாக வளைந்திருந்தால் கணக்குத் தப்பும். ஒரு தாளின் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். அதைவிட அதிகம் என்றால் மேசைக்கு அடியில் பிளேடைத் தாங்கும் பாகத்தின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். அலுப்பான வேலை. எனக்கு ஒரு முழு மாலை ஆனது. ஒருமுறை செய்தால் நெடுநாள் தாங்கும்.

அடுத்து ஃபென்ஸை அதே காடிக்கு இணையாகப் பூட்டுங்கள். அதன் பின்முனை பிளேடிலிருந்து ஒரு தாள் அளவு விலகியிருந்தால் தவறில்லை. உள்ளே வரவே கூடாது.

இரண்டு அளவுகள்

பல்லின் அகலம் வேறு, பிளேடு உடம்பின் தடிமன் வேறு. சாதாரண பிளேடில் பல் சுமார் 3.2 மில்லிமீட்டர், உடம்பு சுமார் 2.2. மெல்லிய வெட்டு பிளேடில் பல் சுமார் 2.4 மில்லிமீட்டர். வெர்னியரால் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிளிட்டர் உடம்பைவிடத் தடிமனாகவும் பல்லைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 3.2 பல்லுக்கு 2.6 முதல் 2.8 வரை, 2.4 பல்லுக்கு 2 மில்லிமீட்டர் நன்றாக வேலை செய்கிறது.

எதில் செய்வது? நான் மெர்பாவ் என்ற கடின மரக் கீற்றில் செய்கிறேன். அலுமினியத் தகடும் சரி. எஃகு வேண்டாம், தவறிப்போய் பிளேடு அதில் பட்டால் கார்பைட் பல் உடைந்து பறக்கும். மரத்தில் செய்தால் நாரோட்டம் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டுங்கள். படுத்த நாரில் செய்தால் மேசை மட்டத்தில் பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிடும்.

இன்சர்ட் செய்வது

பழைய இன்சர்ட்டை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சுற்றிலும் கொஞ்சம் தள்ளி அறுத்து, மர விளிம்பைச் செதுக்கும் ரூட்டர் இயந்திரத்தில் பேரிங் உள்ள பிட்டை வைத்து ஓட்டினால் அச்சு அப்படியே வந்துவிடும். ரூட்டர் இல்லையென்றால் கோடு போட்டு ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேயுங்கள். நேரம் மட்டுமே கூடும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது ஊதி, பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பிளைவுட்டையும் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்து வையுங்கள்.

சிறிய, மேசைமேல் தூக்கி வைக்கும் ரம்பங்களில் இன்சர்ட் உட்காரும் பள்ளம் சில மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். அங்கே ஓரத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி, நடுப்பகுதியைத் தடிமனாகக் கீழே தொங்கவிடலாம். அடியில் எதிலும் இடிக்கிறதா என்று பிளேடை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சர்ட் மேசையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அடியில் நான்கு மூலையிலும் சிறு திருகுகள் வைத்தால் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வசதி. அதோடு பின்முனையின் குறுக்கில், தலை வெட்டிய ஓர் ஆணியை மேசை விளிம்புக்கு அடியில் நுழையும்படி அடித்துவிடுங்கள். முன்முனையை ஒரு திருகால் பிடித்துவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிளிட்டரில் மரம் உரசும்போது இன்சர்ட் எழும்பப் பார்க்கும்; எழும்பி பிளேடில் பட்டால் நாம் தடுக்க வந்த விபத்தை நாமே வரவழைத்தது போலாகும்.

பிளேடு எவ்வளவு உயரம்? இங்கேதான் யோசிக்க வேண்டும்

பிளேடு வட்டம் என்பதால், மேலே ஏற ஏற மேசை மட்டத்தில் அது அடைக்கும் நீளமும் கூடுகிறது. 10 அங்குல பிளேடு நேராக ஏறி இறங்குவதாக வைத்துக் கணக்குப் போட்டேன். முழு உயரமான 79 மில்லிமீட்டரில் அதன் பின்விளிம்பு பிளேடின் நடுவிலிருந்து சுமார் 118 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். 32 மில்லிமீட்டர் உயரத்தில் 84 மட்டுமே. வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். முழு உயரத்துக்கு ஏற்ற இடத்தில் ஸ்பிளிட்டரை நட்டால், ஓர் அங்குலப் பலகையை அறுக்கும்போது அது பிளேடிலிருந்து வெகுதூரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் மரம் சாய்ந்து பல்லில் மாட்ட நேரம் இருக்கிறது.

அதனால் இரண்டு இன்சர்ட் செய்யுங்கள். ஒன்று மெல்லிய பலகைக்கு, பிளேடு 32 மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. என் வேலையில் பெரும்பகுதி இதில்தான். இன்னொன்று தடித்த சட்டங்களுக்கு, முழு உயரம். முதலாவதில் பிளேடை எல்லைக்கு மேல் ஏற்றினால் அது ஸ்பிளிட்டரையே அறுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

புது இன்சர்ட்டில் பிளேடு நுழையும் பள்ளம் வெட்ட, பிளேடை முழுக்க இறக்கி, இன்சர்ட்டை மாட்டி, பிளேடு வெளிவரும் கோட்டை விட்டு விலகி அதன் இரு ஓரங்களையும் அழுத்தும்படி இரண்டு கனமான சட்டங்களை மேசையோடு கிளாம்ப் போடுங்கள். பிளக்கை மாட்டி, ஒதுங்கி நின்று, மெதுவாகப் பிளேடை ஏற்றுங்கள். நீங்கள் முடிவு செய்த உயரம் வந்ததும் நிறுத்துங்கள். சில ரம்பங்களில் பிளேடு முழுக்க இறங்கியும் இன்சர்ட்டில் இடிக்கும். அப்போது இன்சர்ட்டின் அடியில் முன்கூட்டியே ஒரு காடி தோண்டிக்கொள்ளுங்கள். அல்லது நடுத்துளை உங்கள் தண்டுக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய பிளேடால் பள்ளத்தைத் தொடங்குங்கள்.

ஸ்பிளிட்டரை நடுவது

இன்சர்ட்டைக் கழற்றி, பிளேடு வெட்டிய பள்ளத்தின் பின்முனையிலிருந்து அதே கோட்டில் சுமார் 5 சென்டிமீட்டர் நீட்டுங்கள். ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் நாடா சுற்றிக் கைப்பிடியாக்கினால் இதற்குப் போதும். பள்ளம் கொஞ்சம் அகலமாகிவிட்டால் கவலை வேண்டாம், எபோக்சி நிரப்பிவிடும்.

மெர்பாவ் கீற்றை 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, மேசைக்கு மேல் 30 மில்லிமீட்டர் நிற்கும்படி உயரம் வையுங்கள். முன்விளிம்பின் இரு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் படகின் மூக்கு போல் கூராக்குங்கள், மேல்மூலையை உருட்டுங்கள். எல்லை உயரத்தில் பிளேடு நிற்கும்போது மேசை மட்டத்தில் பல்லுக்கும் இதற்கும் 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; கீழே போகப் போகப் பிளேடு பின்னால் நீள்வதால், பள்ளத்துக்குள் இறங்கும் முன்மூலையை அதில் படாதபடி சீவிவிடுங்கள்.

எந்தக் கோட்டில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. பல்லின் நடுவில் வைத்தால் வேலை நடக்கும். அதைவிட நல்லது, ஸ்பிளிட்டரின் ஃபென்ஸ் பக்க முகம், பல்லின் ஃபென்ஸ் பக்க விளிம்போடு ஒரே கோட்டில் நிற்பது. அப்போது நமக்கு வேண்டிய துண்டு ஃபென்ஸை விட்டு விலக வழி இல்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி ஃபென்ஸ் பக்கம் ஒரு மயிரிழை வந்தாலும் துண்டு நடுவில் இறுகும்.

இதை அளக்க வேண்டாம், மரமே சொல்லும். ஸ்பிளிட்டர் ஒட்டாத புது இன்சர்ட்டை மாட்டி, நல்ல பிளைவுட் துண்டு ஒன்றை நீளவாக்கில் அறுங்கள். பிளைவுட்டில் தடம் மூடாது என்பதால் இந்த ஒரு வெட்டுக்கு அதில் ஆபத்து குறைவு; அப்போதும் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும். ஃபென்ஸை அசைக்காதீர்கள். பிளேடு நின்றதும் பிளக்கைப் பிடுங்கி, அறுத்த துண்டை ஃபென்ஸோடு ஒட்டி, பிளேடையும் பின்னால் உள்ள பள்ளத்தையும் கடந்து நிற்கும்படி வையுங்கள். அதன் வெட்டுமுகம்தான் உங்கள் கோடு. எபோக்சி தடவிய கீற்றைப் பள்ளத்தில் இறக்கி, அந்த முகத்துக்கும் கீற்றுக்கும் நடுவே ஒரே ஒரு தாளை வைத்து மெல்லச் சாய்த்து நிறுத்துங்கள். மூலைமட்டத்தால் செங்குத்துப் பாருங்கள். பசை மேசையில் ஒட்டாமல் இருக்க அந்த இடத்தில் முன்பே மெழுகு தேய்த்திருங்கள். ஓர் இரவு தொடாதீர்கள். மறுநாள் இன்சர்ட்டுக்கு அடியில், பிளேடில் படாத இடத்தில், கீற்றின் இரு பக்கமும் சிறு கட்டைகளை ஒட்டிவிட்டால் இன்னும் உறுதி.

சோதனை

முதல் சோதனை மின்சாரம் இல்லாமல். ஏற்கெனவே தடம் வெட்டிய ஒரு பிளைவுட் துண்டைப் பிளேடுக்குமேல் ஏற்றி, ஸ்பிளிட்டர் வரை தள்ளுங்கள். கீற்று தடத்துக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நின்றால் கீற்றின் மூக்கையும் ஃபென்ஸ் பக்க முகத்தையும் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு ஓடும் ரம்பத்தில் பிளைவுட், அதன் பிறகு உலர்ந்த நேரான பலகை. வளையும் ரப்பர் மரம் கடைசியில்தான்.

உண்மையான அறுப்பில், மரம் ஸ்பிளிட்டரைக் கடந்த பிறகு தள்ளுவது கடினமானால் தடம் மூடப் பார்க்கிறது என்று பொருள். அப்போது மரத்தைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். கையை எடுக்கவும் வேண்டாம். அழுத்திப் பிடித்தபடியே முட்டியால் சுவிட்சை அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். முட்டி எட்டும் இடத்தில் சுவிட்ச் இல்லையென்றால், அதையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். நின்ற பிறகு தடத்தில் சிறு மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடரலாம்.

இது செய்யாதவை

பிளேடைச் சாய்த்து அறுக்கும்போதும், முழுக்க அறுக்காமல் காடி மட்டும் தோண்டும்போதும் இந்த இன்சர்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். பழைய இன்சர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் உடனே ஸ்பிளிட்டர் உள்ளதை மாட்டிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

ஸ்பிளிட்டர் விரலைக் காப்பாற்றாது. அதற்குப் பிளேடு மூடியும் தள்ளுகட்டையும் வேண்டும். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் இருப்பதும், ஃபென்ஸைத் தொட ஒரு நேர்விளிம்பு இல்லாத பலகையை அறுக்காமல் இருப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. முறுக்கிய பலகைக்கு எந்த ஸ்பிளிட்டரும் உதவாது. அதை முதலில் இழைத்து நேராக்குங்கள்.

பிளேடு மாற்றினால் பல்லின் அகலத்தை மறுபடி அளங்கள். 3.2க்குச் செய்த கீற்று 2.4 தடத்தில் நுழையாது. அறுப்பின் நடுவில் மரம் முட்டி நிற்கும். ஒவ்வொரு இன்சர்ட்டின் மேலும் எந்தப் பிளேடு, எவ்வளவு உயரம் வரை என்று மார்க்கரால் பெரிதாக எழுதி, ரம்பத்தின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் ரம்பத்தைத் தொட்டாலும் அது கண்ணில் படும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இன்சர்ட் மட்டமாக இருக்கிறதா, கீற்று அசைகிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் புதிது செய்துவிடுங்கள். மெர்பாவ் கீற்று இன்னும் நான்கைந்து அறுத்து வைத்திருப்பீர்கள்.